ஸ்வெட்டர் கைக்குள் இருந்த பிரஷர்

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் நான் வைத்தியராக வேலை பார்த்தபோது நடந்தது இது. அந்த இளம் தாயை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் தவறு செய்தவர்கள் என்று ஒரு வரிசை போட்டால் முதல் ஆள் நான்தான். ஆகவே மற்றவர்களைப் பற்றி எழுதும் இடங்களில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை

மலையகத்து வைத்தியசாலைகளில் திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பொறுத்துக்கொண்ட நோவுகள் எல்லாம் ஏழு மணிக்கே வாங்கில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த வரிசையில் பத்தரை மணியளவில் என் மேசைக்கு வந்தவர் 23 வயதுப் பெண். தலையைச் சுற்றித் துவாய். கழுத்துவரை பொத்தான் போட்ட தடித்த ஸ்வெட்டர். அதன்மேல் ஒரு சால்வை. வெளியே சாரல். கூட வந்த தாயார்தான் பேசினார்.

“நேற்று அந்தியிலிருந்து தலைவலி, டொக்டர். தலையில் நீர் கோத்திருக்கிறது. ஆவி பிடித்தோம், சித்தாலேப பூசினோம், விடவில்லை. நெஞ்சுக்குழியும் எரிகிறது என்கிறாள்.”

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். “மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும்தான் கொடுக்கிறேன்” என்றார்.

தமிழ் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்க வேண்டும். மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும் மட்டும் யாருக்குக் கொடுப்பார்கள்? ஆனால் அன்று என் காதில் விழுந்தது மிளகு மட்டும்தான். கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி என்று எழுதினேன். பனடோல், ஒமெப்ரசோல், மூன்று நாளைக்கு. அவர் குழந்தை பெற்று ஐந்தே நாள் ஆகியிருந்தது. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குழந்தை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், சித்தியிடம் இருந்தது. கையில் குழந்தை இருந்திருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ.

பிரஷர் ஏன் பார்க்கவில்லை என்பதற்கு என்னிடம் உள்ள காரணம் வெட்கப்படத்தக்கது. சால்வையை எடுத்து, ஸ்வெட்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் முழுக்கைச் சட்டையை மடித்து ஏற்றவேண்டும். அவருக்குப் பின்னால் எண்பது பேர் நின்றார்கள். அவர் எழும்போது வாசல் நிலையைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

எண்கள் ஏறிய விதம்

பிறகு தேடி எடுத்த கர்ப்பகாலப் பதிவேட்டிலும் வாட்டு டிக்கெட்டிலும் இருந்தவை இவை. முதற்கர்ப்பம். பிரஷர் 10ஆம் கிழமையில் 100/60. 28ஆம் கிழமையில் 110/70. 36ஆம் கிழமையில் 124/82. சிறுநீரில் புரதம் எப்போதும் இல்லை. 38 கிழமை முடிந்து சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.7 கிலோ. பிரசவ அறையில் ஒரு தடவை 138/88. ‘வலியினால்’ என்று பக்கத்தில் குறிப்பு. மூன்றாம் நாள் காலை வீட்டுக்கு அனுப்பும்போது 136/88.

உயர் பிரஷர் தொடங்கும் 140/90 என்ற கோட்டை இவற்றில் எந்த எண்ணும் தாண்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் குற்றமற்றது. சேர்த்துப் படித்தால் 100/60இல் தொடங்கிய ஒரு பெண் 136/88க்கு ஏறியிருக்கிறார். இத்தனை ஏறினாலே நோய் என்று சொல்லும் பழைய விதியை இன்றைய வழிகாட்டல்கள் கைவிட்டுவிட்டன; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை அளக்க ஓர் ஏற்பாடு செய்திருக்கலாம்.

அளக்கக்கூடியவர் ஒருவர் இருக்கவும் செய்தார். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நம் சனங்கள் மிட்வைப் என்று கூப்பிடுபவர், பிரசவித்த வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, பிறகு 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தடவை, 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை என்று போகவேண்டும். அவரும் போனார். கணவனின் தோட்டத்துக்குப் போனார். காம்பரா, அதாவது லயத்து அறை, பூட்டிக்கிடந்தது. தலைப்பிள்ளை அல்லவா, பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். தாய்வீடு இருந்த தோட்டம் இன்னொரு மிட்வைப்பின் பிரிவு. அந்த அம்மாவுக்குத் தன் பிரிவுக்குள் ஒரு பச்சை உடம்புக்காரி வந்திருக்கும் செய்தியே தெரியாது. கணவனோ கொழும்பில் ஒரு கடையில் வேலை. குழந்தையைப் பார்த்துவிட்டு மறுநாளே பஸ் ஏறியிருந்தார். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம், அதை மாற்றச் சொல்வதற்கில்லை. பதிவேடுதான் அந்த வழக்கத்தின் பின்னால் போகவேண்டும்.

செவ்வாய், விடியுமுன்

அவர் தேறிய பிறகு சொன்னதை இங்கே சேர்க்கிறேன். திங்கட்கிழமை இரவு பால் கொடுக்க எழுந்தபோது, காம்பராவுக்குள் பனிமூட்டம் இறங்கியது போல இருந்ததாம். குழந்தைக்குக் குளிருமே என்று, “அம்மா, கதவைச் சாத்துங்கள்” என்று சொல்லியிருக்கிறார். “கதவு சாத்தித்தானே இருக்கிறது” என்று தாயார் சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை.

நாலரை மணிக்கு வலிப்பு. கண் ஒரு பக்கம் செருகி, உடம்பு விறைத்து, பிறகு கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. வாயில் நுரை. இரண்டு நிமிடம் இருக்கும் என்றார் அவருடைய தம்பி. நாக்கைக் கடித்துவிடாமல் ஒரு கரண்டியைப் பற்களுக்குள் திணித்தார்கள். முன்பல் ஒன்று உடைந்தது. இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று யாரோ ஓடிப்போய் எடுத்துவந்தது சாவி அல்ல, சுவரில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் கிளையை ஒரே வெட்டில் சீவும் கத்தியை, இழுத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் கையில் வைத்துப் பொத்திப் பிடித்திருக்கிறார்கள். உள்ளங்கையில் நான்கு தையல் போட்டது நான். அந்தக் காயத்தைத் தைக்கும்போது தாயார் அழுதது வலிப்புக்காக அழுததைவிட அதிகம்.

இந்த இடத்தில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைப்பது. தலையில் இடிபடக்கூடிய பொருள்களை நகர்த்துவது. நேரம் பார்ப்பது. வாயில் கரண்டியோ தேநீரோ எதுவுமே போடாதிருப்பது. உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுவது.

தம்பி கோயில் மேட்டுக்கு ஏறித்தான் தொலைபேசிக்குச் சமிக்ஞை பிடித்தார். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்தது. ஆனால் தொழிற்சாலை வளைவுக்கு மேல் ஏறமுடியாத பாதை. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் கால் மணி நேரம் இறக்கி வந்தார்கள். வண்டிக்குள் இரண்டாவது வலிப்பு.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் வாட்டுக்கும் அழைத்து, “பெண்ணுக்கு இழுப்பு, கொண்டுவருகிறோம்” என்று சொல்லியிருந்தார். நம்மிடையே இழுப்பு என்றால் மூச்சிழுப்பும் அதுதான், கைகால் இழுப்பதும் அதுதான். நான் இறங்கி வந்தபோது சிற்றூழியர் நெபுலைசரைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வாட்டில் இழுப்பு என்று வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆஸ்துமாக்காரர்கள்.

தள்ளுவண்டியில் கிடந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நேற்றைய ஸ்வெட்டர். அதைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் பட்டியைச் சுற்றினோம். 178/116.

மக்னீசியம்

குழந்தை பெற்று ஆறு கிழமைக்குள் இருக்கும் பெண்ணுக்கு வலிப்பு வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது எக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தை ஒட்டிப் பிரஷர் ஏறி வரும் சூல்வலிப்பு என்றே எடுத்துக்கொண்டு மருத்துவம் தொடங்கவேண்டும். ஒக்சிஜன், பக்கவாட்டுப் படுக்கை, வாயில் சேர்ந்ததை உறிஞ்சி எடுத்தல், விரல்நுனியில் சீனி பார்த்தல் (94, சரி). தாதி கேட்காமலே டயஸிபாம் ஊசியை எடுத்துவிட்டார். வலிப்பு என்றால் கை அதற்குத்தான் போகும், எனக்கும் போயிருக்கிறது. ஆனால் 1995இல் வெளியான பன்னாட்டு எக்லாம்சியா ஆய்வு, 1,600க்கு மேற்பட்ட பெண்களில் இதைச் சோதித்துப் பார்த்து, மறுபடி வலிப்பு வருவது மக்னீசியம் சல்பேட் கொடுத்தவர்களில் டயஸிபாம் கொடுத்தவர்களைவிட 52 சதவீதமும், இன்னொரு வலிப்பு மருந்தான பெனிட்டோயின் கொடுத்தவர்களைவிட 67 சதவீதமும் குறைவு என்று காட்டியது. 2002இல் வந்த மக்பை ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், வலிப்பு வருமுன்பே கொடுத்தால் வலிப்பு பாதிக்குமேல் குறைகிறது என்று 33 நாடுகளின் சுமார் 10,000 பெண்களில் காட்டியது. விலை குறைந்த ஓர் உப்பு. எங்கள் அவசரப் பெட்டியிலும் இருந்தது.

4 கிராமைக் கரைத்து, பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக நாளத்தில் ஏற்றினோம். மலைப்பாதையில் பம்ப் வைத்துச் சொட்டுச்சொட்டாக ஏற்றுவதை நம்பமுடியாது என்பதால், இரண்டு புட்டங்களிலும் 5 கிராம் வீதம் தசையில் ஆழமாகப் போட்டோம். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புகிற அவசரத்தில் இந்த முதல் அளவைக் கொடுக்காமல் அனுப்புவது பெரும்பிழை. மூன்றாவது வலிப்பு பாதி வழியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வரும்.

மக்னீசியம் மிஞ்சினால் மூச்சை நிறுத்தும். அதற்கு முன்னால் முழங்கால் உதறல் போய்விடும். எனவே சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பது, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவது, குழாய் வைத்துச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிலீட்டருக்குக் குறையாமல் வருகிறதா என்று பார்ப்பது ஆகிய மூன்றும் விடாமல் நடந்தன. மக்னீசியத்தை முறிக்கும் மருந்தான கல்சியம் குளுக்கோனேட் 1 கிராம் ஊசியில் ஏற்றப்பட்டுத் தாதியின் சட்டைப்பையில் இருந்தது. தேவைப்படவில்லை.

மக்னீசியம் வலிப்பைத்தான் தடுக்கும். பிரஷரைக் குறைக்கும் வேலையை அதனிடம் விடக்கூடாது. 160/110ஐத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் குறைக்கத் தொடங்கவேண்டும், ஏனென்றால் அதற்குமேல் மூளைக்குள் இரத்தக்குழாய் வெடிப்பதுதான் தாயைக் கொல்லும். லபெட்டலோல் 20 மில்லிகிராம், பத்து நிமிடத்தில் 40. ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த மருந்து ஆகாது என்பதால், கொடுக்குமுன் ஆஸ்துமா உண்டா என்று தாயாரிடம் கேட்கவேண்டியிருந்தது. ‘இழுப்பு’ என்ற சொல்லைத் தவிர்த்துக் கேட்டேன். ஏழு மணிக்கு 152/98. அதற்குக் கீழே அவசரமாக இழுக்க முயலவில்லை; சடாரென்று விழுந்தால் மூளைக்கு இரத்தம் போதாமல் போகும்.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்

பெரிய வைத்தியசாலையில் சி.டி. எடுத்தார்கள். எக்லாம்சியா என்று மருத்துவம் தொடங்கியது சரி, ஆனால் அதோடு மனதை மூடிக்கொள்ளக்கூடாது. இரண்டு மூன்று நாளைக்கு மேல் ஆன பிறகு வரும் வலிப்பில் குறிப்பாக இரண்டைத் தேடவேண்டும்: மூளையில் இரத்தக் கசிவு, மூளை நாளங்களில் இரத்தம் உறைதல். இவற்றில் பின்னது, பிரசவித்த பெண்களுக்கு அதிகம் வருவது. தண்ணீர் போதாமல் வறண்ட உடம்பு அதற்கு வசதி செய்து கொடுக்கும். ‘தண்ணீர் குடித்தால் வயிறு போடும்’ என்று அளந்து கொடுக்கும் பத்தியத்தோடு எனக்குள்ள ஒரே சண்டை அதுதான். மிளகோடு எனக்குச் சண்டையில்லை.

இவருக்கு இரண்டும் இல்லை. மூளையின் பின்பகுதியில் வீக்கம் மட்டும் இருந்தது. பார்வையைக் கையாளும் பகுதி அதுதான். காம்பராவுக்குள் இறங்கிய பனிமூட்டம் அங்கிருந்து வந்தது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 92,000க்குக் குறைந்திருந்தது. ஈரல் நொதியங்கள் ஏறியிருந்தன. சிறுநீரில் புரதம் இரண்டு கூட்டல். அதாவது ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று நான் எழுதிய நெஞ்சுக்குழி எரிச்சல், வீங்கிய ஈரல் தன் உறையை இழுத்த வலி.

முதுகில் ஊசி போட்டு அறுவை செய்தவர்களுக்கு வரும் தலைவலியும் உண்டு. அது எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். இவருக்கு முதுகில் ஊசியே போடவில்லை, படுத்தாலும் தணியவில்லை. திங்கட்கிழமை இந்த இரண்டு கேள்வியையாவது நான் கேட்டிருக்கலாம்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுமா?

ஊரில் மட்டுமல்ல, வைத்தியசாலைகளிலும் இருக்கும் நம்பிக்கை, பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டால் இந்த நோய் முடிந்தது என்பது. நோய்க்கு வித்து நஞ்சுக்கொடியில்தான் என்பது உண்மை. ஆனால் அது உடம்பெங்கும் இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்திவிட்டே போகிறது. புண் ஆற நாளாகும். அத்தோடு, கர்ப்பத்தில் திசுக்களில் தேங்கிய நீர் பிரசவத்துக்குப் பிறகு இரத்த ஓட்டத்துக்குத் திரும்புகிறது. கால் வீக்கம் வடிகிறதே என்று வீட்டார் மகிழும் அதே நாட்களில் குழாய்களுக்குள் நீர் ஏறிக்கொண்டிருக்கும். அதனால்தான் பிரசவத்துக்குப் பிந்திய பிரஷர் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சிக்குப் போகிறது. சுகப்பிரசவமான தாய் அப்போது எங்கே இருக்கிறார்? லயத்தில்.

பிரசவத்துக்குப் பிந்திய சூல்வலிப்புகளில் அதிகமானவை முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகும் ஆறு கிழமை வரை வரலாம். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதிருந்தவருக்கும் வரலாம். முகமும் காலும் வீங்காதவருக்கும் வரலாம். முன்னறிவிப்பாக அதிகம் பேருக்கு வருவது விடாத தலைவலி. அதையடுத்துப் பார்வை மங்குவது, மின்னுவது, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவின் கீழோ வலி, வாந்தி, படுத்தால் மூச்சு முட்டுவது.

சிக்கல் என்னவென்றால், தலைவலிக்கு நம்மிடம் பெயர்கள் அதிகம். நீர் கோத்தது. பித்தம். இரவெல்லாம் பிள்ளைக்குப் பால் கொடுத்து உறக்கம் கெட்டது. வாடைக்காற்று காதில் புகுந்தது. பச்சை உடம்பில் கண்ணேறு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கைவைத்தியம் இருக்கிறது, ஒவ்வொன்றும் அரைநாளைத் தின்கிறது. என் போன்றவர்களுக்கும் பெயர்கள் உண்டு. இங்கிலீஷில் இருப்பதால் மரியாதையாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். அந்தத் தாயார் தலையில் நீர் கோத்தது என்றதும் நான் கேஸ்ட்ரைட்டிஸ் என்றதும் ஒரே பிழை. அவராவது மகளை வைத்தியசாலைவரை கூட்டிக்கொண்டு வந்தார்.

கழற்றச் சொல்லுதல்

இப்போது எங்கள் பதிவு மேசையில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள எல்லாப் பெண்களிடமும் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: கடந்த ஆறு கிழமைக்குள் பிள்ளை பெற்றீர்களா? ஆம் என்றால் துண்டில் ஒரு சிவப்புக் கோடு. வரிசை இல்லை, நேராகப் பிரஷர். முதலில் சிற்றூழியர் ஒருவர், “நாற்பத்தெட்டு வயதுக்காரியிடம் இதைக் கேட்டால் அடிக்க வருவார்கள்” என்று முணுமுணுத்தார். யாரும் அடிக்கவில்லை. சிரிக்கிறார்கள்.

ஸ்வெட்டர்தான் கடினமாக இருந்தது. குளிரில் கழற்ற யாருக்கும் மனம் வராது, வரிசையில் ஆண்களும் நிற்பார்கள். ஒரு மூலையில் திரை போட்டு, ஒரு முக்காலி வைத்து, பெண் ஊழியரை உட்காரவைத்தோம். கையை மேலே சுருட்டி ஏற்றினால் அந்தச் சுருளே கட்டுப்போல இறுக்கி எண்ணைக் கெடுக்கும். துணிக்கு மேல் பட்டியைச் சுற்றினாலும் நம்பமுடியாது. ஒரு கையை முழுதாக உருவி எடுத்தால் போதும், மற்றப்பக்கம் போர்த்திக்கொள்ளலாம். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க ஐந்து நிமிடம் உட்காரவைத்து அளக்கவேண்டும். ஒரு கூடுதல் சங்கதி: தானாக அளக்கும் இயந்திரங்களில் பல, இந்த நோயில் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். எண் எல்லையோரம் நின்றால் பழையபடி காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்கிறோம்.

தாய்வீடு போகும் பெண்ணின் செய்தியை இரண்டு மிட்வைப்புகளும் தொலைபேசியில் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கூட்டத்தில் பேசினோம். அது சில பிரிவுகளில் நடக்கிறது, சிலவற்றில் இன்னும் இழுபடுகிறது.

பின்தொடர்தல்

கடைசி வலிப்பிலிருந்து 24 மணி நேரம் மக்னீசியம் ஓடியது. பார்வை இரண்டு நாளில் தெளிந்தது. குழந்தையைத் தாயருகே கொண்டுவந்து, மூன்றாம் நாளிலிருந்து பால் கொடுக்கவைத்தார்கள். இந்த மருந்துகள் எதுவும் தாய்ப்பாலை நிறுத்தக் காரணமல்ல. 12ஆம் நாள் நிபெடிபின், எனலபிரில் என்ற இரண்டு பிரஷர் மருந்துகளோடும் வீட்டுக்கு வந்தார். ஆறாம் கிழமையில் ஒன்றை நிறுத்தினோம், பத்தாம் கிழமையில் மற்றதை. 12ஆம் கிழமையில் மருந்தில்லாமல் 116/74, சிறுநீரில் புரதம் இல்லை. அடுத்த கர்ப்பத்தில் இது திரும்ப வர வாய்ப்புண்டு, ஆகையால் நாள் தள்ளியதும் கிளினிக் வந்து 12ஆம் கிழமை முதல் குறைந்த அளவு அஸ்பிரின் தொடங்கவேண்டும். பிற்காலத்தில் பிரஷரும் இருதய நோயும் வரும் சாத்தியமும் மற்றப் பெண்களைவிட அதிகம், எனவே ஆண்டுக்கொரு தடவை அளக்கவேண்டும். இதையெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

அன்று தாயாரும் வந்திருந்தார். அட்டையை வாங்கி இரண்டாக மடித்தார். பிரசவம் முடிந்து அனுப்பும்போது வைத்தியசாலையில் கொடுத்த அட்டை என்ன ஆனது என்று கேட்டேன். லயத்தில் பால்மா டின்னுக்குள், பிறப்புச் சான்றிதழ்களோடும் சேமலாப நிதிக் கடிதங்களோடும் பத்திரமாக இருக்கிறதாம். அந்தத் திங்கட்கிழமையும் அங்கேதான் இருந்தது. இதை டின்னில் வைக்கவேண்டாம், மகளின் கைப்பையில் வையுங்கள் என்றேன். தொலைந்துபோகுமே என்றார். தொலைந்தால் இன்னொன்று எழுதித் தருகிறேன் என்றேன். மகள் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.